ஆடியில் குடிபோனோம்

எனக்கு எழுத வராது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் கொஞ்சம் தைரியம் வரும். கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை போனேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சாமான் பட்டியலும், வேலையிடத்து நேரப் புத்தகத்தில் கையெழுத்தும்தான். மறதி வேறு. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடுகிற ஆள் நான். முன்னே பின்னே மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிளாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை வருகிறார். இங்கே இருக்கிற பெரியவர்கள், இந்த வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று ஆளுக்கு நாலு பக்கம் எழுதிக்கொடுங்கள், சின்னப் புத்தகமாகப் போடலாம் என்றார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கேட்கமாட்டார் என்றிருந்தேன். கேட்டுவிட்டார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, தலையை ஆட்டிவிட்டேன். வாயைத் திறக்காமல் தலையை ஆட்டியதால் எனக்கு வந்த வினையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நானும் என் தம்பியும்தான் குடும்பம். என் வீட்டுக்காரர் போய் ரொம்ப வருஷமாகிறது. பிள்ளை இல்லை. தம்பி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. லோரி ஓட்டினான். வாரத்தில் ஐந்து நாள் சாலையில்தான் இருப்பான். அப்படிப்பட்டவனுக்குச் சர்க்கரை வியாதி முற்றி, வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவனை ஆஸ்பத்திரியிலிருந்து நான் கூட்டிவந்த இடம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே இருந்த அறை. அறையை ஒட்டிச் சமைக்க ஒரு மூலை. கீழே இறங்க இருபத்திரண்டு படி. மரப்படி, ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். கைப்பிடி ஒரு பக்கம்தான்.

இரண்டு வருஷம் அவன் அந்த அறையில் இருந்தான். மாதம் ஒரு தடவை கிளினிக்கிற்கு மட்டும் கீழே கடையில் வேலை செய்த இரண்டு பேர் வந்து பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். மறுபடி ஏற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் அவர்களிடம் "தேங்க்ஸ்டா, பாஸு" என்று சிரித்துப் பேசுவான். அவர்கள் போன பிறகு அன்று முழுக்க என்னிடம் பேசமாட்டான். சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மோனோரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். "இப்பப் போனவன் கொஞ்சம் லேட்டு," என்பான். அவ்வளவுதான் பேச்சு.

நான் வேறு இடம் தேடாமல் இல்லை. வாரத்தில் மூன்று நாள் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் கிளீனர் வேலை. மற்ற நாட்களில் வீடு பார்க்கப் போவேன். சுங்கை வேயில் ஓர் அறை கிடைத்தது, அதுவும் மேல்மாடி. பூச்சோங்கில் கீழ் வீடு ஒன்று பார்த்தேன், வாடகைக்கே என் சம்பளம் முழுவதும் போய்விடும். சுபாங் ஜெயாவில் ஓர் அம்மா, எல்லாம் பேசி முடித்துவிட்டு, சக்கர நாற்காலி என்றதும் முகம் மாறி, "டைல்ஸ் எல்லாம் கீறல் விழும்லா ஆன்டி," என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் வீடு, அவர் டைல்ஸ்.

ஆஸ்பத்திரியில் சமூக நலப் பிரிவில் இருந்த ஒரு பெண்தான் குறைந்த வாடகை அரசாங்க வீட்டுக்கு மனுப் போட்டுக்கொடுத்தார். கீழ்த்தளம் வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதினார். காத்திருந்தோம். காத்திருந்தது ஒரு வருஷமா ஒன்றரையா என்று சரியாக நினைவில்லை. அதற்குள் நாங்கள் இருந்த கட்டடத்தையே விற்றுவிட்டார்கள். ஹோட்டல் வரப்போகிறதாம். கட்டடத்துக்காரர் நல்ல மனிதர், ஆகஸ்டு கடைசி வரைக்கும் இருக்கச் சொன்னார். அதற்குமேல் அவர் கையில் இல்லை.

அந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. கீழ்த்தளம். வாசலில் படியே இல்லை, சாய்வாகச் சிமென்ட் போட்டிருக்கிறது. தம்பி அந்தக் கடிதத்தை நாலு தடவை வாசித்தான். "வீல்சேரு நேரா உள்ள போகும்னு போட்டிருக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் போட மாட்டான் அக்கா. கீழ்த்தளம்னு போட்டிருக்கான், அது போதும்," என்றான். அன்று இரண்டாவது தட்டுச் சோறும் போட்டுக்கொண்டான், சர்க்கரையை நினைத்து நான்தான் பாதியில் நிறுத்தினேன்.

சாவி வாங்க நான் மட்டும் போனேன். கௌண்டரில் ஒரு மலாய்ப் பெண் ஒப்பந்தத்தை வாசித்துக்காட்டினார். வாடகையைத் தேதி தவறாமல் கட்ட வேண்டும், வேறு ஆளுக்கு விடக்கூடாது, இரண்டு வாரத்துக்குள் குடிவந்துவிட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். எனக்கு எல்லாமே புரிந்தது. புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். "ஏதாவது கேட்க வேண்டுமா, மக்சிக்?" என்றார். வயதான பொம்பளைகளை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேட்க ஒன்று இருந்தது. பின்னால் நிறைய பேர் வரிசையில் நின்றார்கள். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

கேட்க இருந்தது இதுதான். ஆனி மாதம் முடிய இரண்டு நாள்தான் பாக்கி. அப்புறம் ஆடி.

ஆடியில் குடிபோகக் கூடாது என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது வெறும் கேள்விப்பட்ட விஷயமும் இல்லை. கல்யாணமான புதிதில் தோட்டத்தில் வீடு காலி பண்ணச் சொன்னார்கள் என்று ஒரு ஆடி மாதம் வேறு லயத்து வீட்டுக்குப் போனோம். அடுத்த பொங்கலுக்கு என் வீட்டுக்காரர் இல்லை. அது ஆடியால்தான் என்று நான் யாரிடமும் வாதாடியது கிடையாது. ஆனால் மனசில் அது போய் உட்கார்ந்துகொண்டது.

அதனால் ஒரு யோசனை செய்தேன். ஆனி கடைசி நாளில் பாலைக் காய்ச்சிவிட்டால் குடிபோனதுதானே? நம் ஆட்கள் எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள். பாலைக் காய்ச்சி, சாமி படம் வைத்து, சாமான் செட்டை எல்லாம் ஆவணியில் கொண்டுபோவார்கள். ஆகஸ்டு கடைசி வரைக்கும் பழைய இடம் இருக்கிறது. கணக்கு சரியாக வந்தது.

தம்பிக்குப் பிடிக்கவில்லை. "குடியிருக்கப் போறவன் இங்க உக்காந்திருக்கேன், நீ மட்டும் போய் பால் காச்சுவியா?"

"உன்ன எறக்குனா திரும்ப ஏத்த வேணாமாடா? ஆவணி மொத முகூர்த்தத்துல ஒரேடியா எறக்கிடலாம்."

"எறக்குனா எதுக்குத் திரும்ப ஏத்தணும்? அதான் வீடு கெடைச்சிருச்சே."

"ஆடிடா."

"ஆடியிலதான் என் கால வெட்டுனான். டாக்டர்கிட்ட ஆவணி வரைக்கும் நில்லுன்னு சொன்னியா?"

காலண்டரைக் கிழித்து நல்ல நேரம் பார்த்தேன்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். ஒரு பையில் சின்ன கேஸ் அடுப்பு, புதுச் சட்டி, பால் பாக்கெட். இன்னொன்றில் உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, முருகன் படம், விளக்கு, புது விளக்குமாறு. வீடு காலியாக இருந்தது, சுண்ணாம்பு வாசம் அடித்தது. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கு ஒரு கிளாஸ் பால் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே ஒரு மலாய்க்காரம்மா, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர், காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்கிறவர். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்து, "இனிப்பா இருக்கே, காக்," என்றார். காக் என்றால் அக்கா. எப்போது வருவீர்கள் என்று கேட்டார். வந்தாச்சு என்று சொன்னேன். அவர் வெறும் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார்.

உப்பையும் அரிசியையும் சமையலறையில் வைத்து, குடத்தில் தண்ணீர் நிரப்பி, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். என்னைப் பொறுத்தவரை அன்றைக்கே நாங்கள் அந்த வீட்டுக்காரர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி வெள்ளியும் காலையில் போனேன். கூட்டிப் பெருக்கி விளக்கேற்றுவேன். விளக்கு அணையும் வரை தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். படிச் சத்தம் இல்லை, கடை ரேடியோ சத்தம் இல்லை. தம்பியின் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

நாலாவது வெள்ளிக்கிழமை போனபோது இரும்புக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இளஞ்சிவப்பாக இருந்த ஞாபகம், மஞ்சளாகவும் இருந்திருக்கலாம். வெயிலில் ஓரம் சுருண்டிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். இந்த வீட்டில் ஆள் குடியில்லை, ஏழு நாளைக்குள் அலுவலகத்துக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீடு ரத்து. கீழே தேதி. போன வெள்ளிக்கிழமைத் தேதி. நான் காலையில் விளக்கேற்றிவிட்டுப் போன அதே நாள் மத்தியானம் வந்து ஒட்டியிருக்கிறார்கள். ஏழாவது நாள் இன்றைக்குத்தான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி சத்தமாக வாசித்தேன். பக்கத்து வீட்டம்மா சத்தம் கேட்டு வெளியே வந்தார். மலாயில்தான் பேசிக்கொண்டோம், நான் தமிழில் எழுதுகிறேன்.

"காக், உங்க போன் நம்பர் என்கிட்ட இல்லையே. நானும் தினமும் பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "அந்த ஆபீசர் வந்து என்னைக் கேட்டாங்க. யாராவது இருக்காங்களான்னு. இன்னும் வரலைன்னு சொல்லிட்டேன். பொய் சொல்ல வரல," என்றார்.

"நீங்க சொன்னது சரிதானே," என்றேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அவர் சட்டென்று உள்ளே போய் இரண்டு ஹெல்மெட்டோடு வந்தார். "ஏறுங்க. வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பூட்டிருவாங்க." எனக்கு அறுபத்தொன்பது வயது, அதுவரை மோட்டார் சைக்கிளில் ஏறியதே கிடையாது. சேலையை இடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்தேன். அவர் இடுப்பை எப்படிப் பிடித்தேன் என்றால், அப்புறம் ஒரு வாரம் கழித்தும் வலிக்கிறது என்று கிண்டல் செய்தார்.

போய்ச் சேர்ந்தபோது கௌண்டரில் பலகை வைத்துவிட்டார்கள். இரண்டே முக்காலுக்குத்தான் திறக்கும். பேரப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்ட வேண்டும் என்று அந்த அம்மா போய்விட்டார். நான் வாசல் படியில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான் வரட்டா அக்கா? நான் பேசறேன்," என்றான்.

"எப்படிடா வருவே?"

போனில் மோனோரயில் போகிற சத்தம் மட்டும் கேட்டது. அது போனதும், "வாயத் தொறந்து பேசு அக்கா. தலைய மட்டும் ஆட்டிட்டு வந்துராத," என்றான். வைத்துவிட்டான்.

கௌண்டர் திறந்ததும் முதல் ஆளாகப் போனேன். அதே பெண்தான், சாவி கொடுத்தவர். காகிதத்தை நீட்டினேன்.

"மக்சிக், நானேதான் வந்து பார்த்தேன். தண்ணி மீட்டர் அப்படியே நிக்குது. சன்னல் வழியா பாத்தா கூடத்துல ஒரு படம், ஒரு விளக்கு. குடியிருக்கற வீடு அப்படியா இருக்கும்?"

"குடிபோயிட்டோம்," என்றேன். "பால் காய்ச்சினேன். உப்பு, அரிசி எல்லாம் உள்ளே இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "உப்பு இருந்தா குடியிருக்கறதா?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான், அவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது. எனக்குக் குடியேறிய வீடு, அவருக்குப் பூட்டிக் கிடக்கிற வீடு. இரண்டு பேரும் பார்த்தது ஒரே விளக்கைத்தான்.

தம்பி சொன்னதை நினைத்துக்கொண்டு பேசினேன். என் மலாய் பாசாரில் மீன் வாங்கத்தான் போதும். அதை வைத்துக்கொண்டே ஆடி மாதம் என்றால் என்ன, என் வீட்டுக்காரர், தம்பியின் கால், இருபத்திரண்டு படி எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் ஓர் ஆபீசில் பேசியதே இல்லை. பாதியில் அவர் ஒரு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன, மக்சிக்? ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தா ஒரு மாசம் தள்ளிக் கொடுப்போம். நிறைய பேர் கேட்கறாங்க. சீனர்கள்கூடக் கேட்கறாங்க, அவங்களுக்கும் ஆகாத மாசம் இருக்காம்."

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமாம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"இப்ப நோட்டீஸ் போட்டாச்சு. பதிவாயிடுச்சு," என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கீழ்த்தளம் கேட்டு அடுத்து ஒரு பெண் காத்திருக்காங்க. மூணு பிள்ளைங்க, ஒண்ணு நடக்க முடியாத பிள்ளை. காலியான வீட்டை நான் உங்களுக்காகப் பூட்டி வைக்க முடியாது. திங்கட்கிழமை காலையில பத்து மணிக்கு வருவேன். ஆள் இருந்தா உங்க வீடு. இல்லேன்னா அவங்க வீடு."

அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் எங்கேயோ ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறாள். நான் ஒரு வீட்டை உப்புக்கும் விளக்குக்கும் கொடுத்துப் பூட்டி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து படியேறியதும், "ஞாயித்துக்கிழமை போறோம்," என்று சொன்னேன்.

தம்பி சன்னலிலிருந்து திரும்பினான். "ஆடி?"

"ஆடிதான். போறோம்."

அவன் என்னைக் கிண்டல் செய்யவில்லை. போனை எடுத்துத் தன்னோடு லோரி ஓட்டியவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டான். "பாஸு, ஞாயித்துக்கிழமை ஒரு டிரிப் இருக்கு. சரக்கு நான்தான்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகச் சொன்ன லோரி மத்தியானம் இரண்டுக்குத்தான் வந்தது. எனக்கு வேறு பயம். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். கட்டிலைப் பிரித்து ஏற்றினார்கள், பீரோவை ஏற்றினார்கள். "மணி என்ன, மணி என்ன" என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

"ஆடியையே தாண்டிட்டே. ராகுவுக்கு ஏன்லா நடுங்கறே?" என்றான் தம்பி.

"ஒண்ணுதான் தாண்டினேன். ரெண்டும் தாண்ட என்னால முடியாது."

கடைசியாக அவனைத் தூக்கினார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். நான் மேல்படியில் அவன் தலையணையை அணைத்துக்கொண்டு நின்றேன். மற்ற நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறவன், அன்று முழுக் கண்ணையும் திறந்துகொண்டு லோரிக்கு வழி சொல்கிற மாதிரி கத்தினான். "கோஸ்தான், கோஸ்தான், பின்னால வா! கொஞ்சம் லெப்ட்டு ஒடி! சுவத்துல இடிக்காதடா, இன்னொரு காலாவது மிச்சம் இருக்கட்டும்!" பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்த நண்பர், "வாய மூடுறியா, இல்ல ஹேண்ட்பிரேக் போட்டு நடுப்படியில விட்டுட்டுப் போகட்டா?" என்றார். கீழே கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து சிரித்தார்கள். கடைசிப் படியைத் தாண்டி நாற்காலி தரையில் உட்கார்ந்ததும் தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டான். திரும்பி மேலே பார்த்தான். "இனிமே ஏற வேணாம்தானே அக்கா?" என்று கேட்டான். சின்னப் பிள்ளையில் அவன் கேட்கிற மாதிரி இருந்தது.

நாலு இருபதுக்குப் புது வீட்டு வாசலில் நின்றோம். அவன் யாரையும் தள்ள விடவில்லை. சாய்வில் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு, இரும்புக் கதவைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சமையலறை வரைக்கும் போனான். அங்கிருந்து திரும்பி வாசல் வரைக்கும் வந்தான். மறுபடி உள்ளே போனான். அவன் நண்பர்கள் பீரோவைக் கையில் வைத்துக்கொண்டு, "டேய், வழிய விடுடா," என்று கத்தினார்கள். அவன் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை நான் விடியும் முன்பே எழுந்துவிட்டேன். சாம்பார் வைத்தேன். துணி துவைத்து வாசலில் காயப் போட்டேன், குடியிருப்பது தெரிய வேண்டுமே. தண்ணீர் மீட்டர் ஓடட்டும் என்று கூடத்தை இரண்டு தடவை கழுவினேன். பத்து மணிக்கு அந்தக் கௌண்டர்ப் பெண் வந்தார். தம்பி வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

"பக்சிக் எப்போலேர்ந்து இங்க இருக்கீங்க?" என்று அவனைக் கேட்டார். வயதான ஆம்பளை என்றால் பக்சிக்.

இவன் எதையாவது அளந்துவிடுவான் என்று பயந்தேன். "நேத்து நாலு இருபதுலேர்ந்து," என்றான்.

அவர் சிரித்துவிட்டார். உள்ளே வந்து பார்த்தார். கட்டில் இன்னும் பாதி பூட்டாமல் கிடந்தது. கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலிக்குப் போதுமா என்று அவரே அளந்து பார்த்து, பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும் என்று குறித்துக்கொண்டார். படம் எடுத்தார். பிறகு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் காட்டி, "முடிஞ்சது, மக்சிக். உங்க வீடு," என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அப்புறம் ஞாபகம் வந்து வாயைத் திறந்தேன். "அந்த மூணு பிள்ளைக்காரி?"

"அடுத்த பிளாக்குல ஒரு கீழ் வீடு காலியாகப் போகுது. அவங்க பேருதான் முதல்ல இருக்கு," என்றார்.

அவர் போனதும் பீரோ மேல் சாய்ந்துகொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு விடுவது இவ்வளவு லேசான காரியம் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. பக்கத்து வீட்டம்மா இரண்டு பொட்டலம் நாசி லெமாக் கொண்டுவந்தார். தம்பி சர்க்கரையை மறந்துவிட்டு ஒன்றரைப் பொட்டலம் சாப்பிட்டான். நானும் அன்று நிறுத்தவில்லை.

அந்த மூன்று பிள்ளைக்காரிக்கு வீடு கிடைத்ததா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அடுத்த பிளாக்கில் மூன்று பிள்ளைகளோடு ஒருத்தி இருக்கிறாள், பெரியவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவாள். அவள்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். போய்க் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை. பார்த்தால் சிரிப்பேன், அவளும் சிரிப்பாள்.

ஆடியில் வந்ததால் ஏதாவது ஆகுமோ என்று அடுத்த ஆடி வரைக்கும் உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சமையலறைக் குழாய் ஒரு தடவை ஒழுகியது. தம்பிக்கு ஒரு சளி. வேறொன்றும் ஆகவில்லை.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதில் நாள் கணக்கும் நேரமும் தப்பாக இருக்கலாம். நோட்டீஸில் ஏழு நாள் என்றுதான் போட்டிருந்ததா, குடிவர இரண்டு வாரம்தானா, நான் போனது நாலாவது வெள்ளியா மூன்றாவதா என்று எனக்கே சந்தேகம். தம்பியிடம் வாசிக்கக் கொடுத்துச் சரிபார்க்கலாம் என்று காலையிலிருந்து காத்திருக்கிறேன். அவன் வீட்டில் இல்லை. ஒன்பது மணிக்கு நாற்காலியை உருட்டிக்கொண்டு போனவன், டீக்கடையில் இருக்கிறானா, பேப்பர் வாங்கப் போனானா, யார் கண்டது. போன் அடித்தால் எடுப்பதில்லை. அவன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியாமல் இருப்பது இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. வரும்போது வரட்டும். ஆசிரியை அம்மா, இதைப் புத்தகத்தில் போடுவதற்கு முன்னால் தேதிகளையும் நாட்களையும் யாரையாவது வைத்து ஒரு தடவை பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.